ஷெட் வாசலுக்கு ஒளி புகும் கூரை: பதினெட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

மதுரைப் பக்கம் கள்ளந்திரிக்கு அருகில் எங்களுக்கு இருக்கும் சிறு தோட்டத்தில், என் தந்தையார் நெல் மூட்டை அடுக்குவதற்காகக் கட்டிய ஷெட் ஒன்று உள்ளது. பன்னிரண்டு அடி அகலம், மேலே தகரக் கூரை, வடக்கு நோக்கி ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. நெல் போட்ட காலம் முடிந்து இப்போது மோட்டார் சாமான்கள், மருந்து தெளிக்கும் டாங்கி, ஏணி ஆகியவற்றோடு என்னுடைய தச்சுப் பலகையும் அங்கேதான் கிடக்கிறது. கதவுக்கு முன்னால் எட்டடி ஆழத்துக்குச் சிமென்ட் தளம் போட்டிருந்தும் மேலே மறைப்பு இல்லாததால், மழைச் சாரல் அடித்து அடித்துக் கதவின் அடிப்பலகை உளுத்துவிட்டது. அந்தத் தளத்துக்கு மேல் பாலிகார்பனேட் ஷீட்டால் சாய்ப்பு இறக்கி இந்த ஆவணியோடு பதினெட்டு மாதங்கள் ஆகின்றன. ஷீட்டைப் பற்றியும், அதைப் பொருத்திக் கொடுத்த வேலையைப் பற்றியும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது; முன்னதில் எனக்குக் குறை மிகக் குறைவு, பின்னதில் குறை அதிகம்.

தகரத்திலேயே சாய்ப்பு இறக்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் பக்கத்துத் தோட்டக்காரர் அப்படிச் செய்துவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் இல்லாத ஷெட்டுக்கு வாசல் வெளிச்சம் ஒன்றுதான் வெளிச்சம். எனவே ஒளி புகும் கூரைதான் என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. கண்ணாடி என்ற பேச்சுக்கே இடமில்லை. தளத்தை ஒட்டி இரண்டு தென்னைகள் நிற்கின்றன, அழகர் மலைப் பக்கத்திலிருந்து குரங்குகளும் வருகின்றன. எங்கள் பகுதி மாட்டுக் கொட்டகைகளில் இடையிடையே சொருகியிருக்கும் ஃபைபர் ஷீட் மலிவுதான் என்றாலும், சில ஆண்டு வெயிலுக்குப் பிறகு மேல்பூச்சு தேய்ந்து கண்ணாடி இழைகள் வெளியே தெரிய ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அதில் தூசி ஏறி டீத்தூள் நிறத்துக்கு வந்து, ஒளியும் பாதியாகிவிடும். அக்ரிலிக் பார்வைக்குக் கண்ணாடியை விட அழகு. ஆனால் ஒரு தென்னை மட்டை விழுந்தால் நொறுங்கும்.

பாலிகார்பனேட் என்றதும் புதுமையான பொருள் என்று எண்ண வேண்டியதில்லை. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்திலும் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்திலும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமலே கண்டுபிடிக்கப்பட்ட பிளாஸ்டிக் இது. வீட்டுக்கு வரும் இருபது லிட்டர் தண்ணீர் கேன்களில், கண்ணாடி போலத் தெளிவாகவும் தட்டினால் கெட்டியாகவும் இருக்கும் வகை பெரும்பாலும் இந்தப் பொருள்தான். அதை வண்டியிலிருந்து தரையில் போட்டுப் போட்டு எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் உறுதியைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஷீட் வாங்கியது மதுரையில் வெளி வீதிப் பக்கம் உள்ள ஒரு கடையில். தகரம் போல நெளிவுள்ளது, கெட்டியான ஒற்றைத் தகடு, நடுவே வரிசையாகக் குழல்கள் ஓடும் இரட்டைச் சுவர் வகை என்று மூன்றும் அங்கே இருந்தன. நெளிவு ஷீட்டை வாங்குபவர்கள், ஏற்கெனவே இருக்கும் தகரத்தின் நெளிவோடு அது பொருந்துகிறதா என்று ஒரு துண்டைக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது நல்லது. நான் எடுத்தது ஆறு மி.மீ. தடிமனுள்ள இரட்டைச் சுவர் வகை. அதன் அகலம் ஏழடி என்பதால், இரண்டை அடுத்தடுத்துப் போட்டால் பதினான்கு அடி. ஷெட்டின் பன்னிரண்டு அடிக்கு இரண்டு பக்கமும் ஓரடி நீட்டல் கிடைத்துவிடுகிறது. நீளத்தை ஒன்பது அடியாக வெட்டிக் கொடுத்தார்கள்.

அந்தக் கடையில் நான் கற்றுக்கொண்டது எடை பார்த்து வாங்குவது. ஆறு மி.மீ. என்று சொல்லி விற்கும் எல்லா ஷீட்டும் ஒன்றல்ல. உள்ளே சுவர்களை மெலிதாக்கிவிட்டால் வெளித் தடிமன் ஆறாகவே இருக்கும், பொருள் மட்டும் குறைந்திருக்கும். தரமான ஆறு மி.மீ. இரட்டைச் சுவர் ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 1.3 கிலோ இருக்க வேண்டும். எங்கள் ஷீட் ஒன்று ஏழரைக் கிலோவுக்குக் குறையக் கூடாது என்று கணக்குப் போட்டுச் சொன்னதும், கடைப் பையன் முகம் சுளிக்காமல் சுருட்டிக் கட்டித் தராசில் வைத்துக் காட்டினான். முதலில் காட்டிய மலிவு ஷீட் ஆறு கிலோவைத் தொடவில்லை. இரண்டாவதாகக் காட்டியது, சதுர அடி எழுபத்திரண்டு ரூபாய், கணக்குக்கு நெருக்கமாக நின்றது. அதைத்தான் எடுத்தேன்.

மற்றொன்று, வெயிலைத் தாங்கும் பூச்சு. பாலிகார்பனேட் வெறுமனே வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிரால் மஞ்சளாகி நொய்ந்துவிடும். அதைத் தடுக்கும் மெல்லிய படலம் பெரும்பாலான ஷீட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மட்டுமே ஏற்றப்பட்டிருக்கும். அந்தப் பக்கம்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். எது மேல் பக்கம் என்பது ஒட்டி வரும் பிளாஸ்டிக் உறையில் அச்சிடப்பட்டிருக்கும். உறையை உரித்துவிட்டால் இரண்டு பக்கமும் கண்ணுக்கு ஒன்றுதான். எனவே வண்டியில் ஏற்றும் முன்பே ஒவ்வொரு ஷீட்டின் மூலையிலும் மார்க்கரால் ‘மேல்’ என்று எழுதிவிட்டேன். அந்த எழுத்து இன்றும் மங்கலாக அங்கே இருக்கிறது.

கடையைப் பொறுத்தவரை, கேட்டதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், வெட்டியதும் சுத்தமாக இருந்தது. ஆனால் ஷீட்டோடு சேர்ந்து வாங்க வேண்டிய உபரிப் பொருள்களைப் பற்றித் தாங்களாக வாய் திறக்கவில்லை. இணைப்புக்கான எச் வடிவப் பட்டி, முனையை மூடும் யு வடிவப் பட்டி, முனைகளில் ஒட்டும் டேப், ரப்பர் வாஷர் எல்லாமே அவர்களிடம் இருந்தன. நான் எச் பட்டியை மட்டும் கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்கள். இது பின்னால் எனக்கு ஒரு மழைக்காலத்தைக் கெடுத்தது.

சட்டகத்துக்கு ஊருக்கு அருகிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒருவரை அழைத்தேன். வெல்டிங் வேலையில் அவர் கை சுத்தம் என்பதை மறுக்க மாட்டேன். இரண்டு அங்குலச் சதுரப் பைப்பில் மூன்று தூண், முன்னும் பின்னும் குறுக்கு உத்தரம், அதன் மேல் ஏழு சாய்ப்புச் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையில் இரண்டடி நான்கு அங்குலம் வருமாறு தூக்குக்குண்டு விட்டு, ரசமட்டம் வைத்து நிறுத்தினார். அடிக்கு ஓர் அங்குலம் சரிவு கேட்டேன், ஒன்பது அடிக்கு ஒன்பது அங்குலம் பிசகாமல் வந்தது. ஷீட்டின் மேல் முனையை ஷெட் சுவரோடு ஒட்டாமல், நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கூரைக்கு அடியில் நான்கு அங்குல இடைவெளி விட்டு நுழைத்தோம். சூடான காற்று ஏறி வெளியே போக அதுதான் வழி. இந்த ஒரு முடிவு பின்னர் பெரிய உதவியாக இருந்தது. குழல்கள் சரிவின் போக்கிலேயே ஓட வேண்டும், குறுக்காக ஓடினால் உள்ளே சேரும் ஈரம் வடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

செலவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஷீட் 9,072 ரூபாய், இரும்பு 9,400, எச் பட்டி, ஸ்க்ரூ, பெயின்ட் வகையில் 3,650, இரண்டு பேருக்கு மூன்று நாள் கூலியாக 9,000. மொத்தம் 31,122 ரூபாய். மழைநீர்த் தாரை இதில் சேரவில்லை.

கோளாறு ஸ்க்ரூவில் தொடங்கியது. தகரத்துக்குப் போடும் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவையே ஷீட்டின் மேல் நேரடியாக வைத்து, மெஷினால் இறுக்கிக்கொண்டே போனார். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டாமா என்று கேட்டபோது, “அதெல்லாம் வேணாம் சார், இறுக்கிப் பிடிச்சாத்தான் ஆடிக் காத்துக்கு நிக்கும்” என்றார். வாஷரைச் சுற்றி ஷீட் குழிந்து கிடந்ததைப் பார்த்தபோதே நான் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவர் அனுபவசாலி, நான் புத்தகத்தில் படித்தவன் என்ற தயக்கத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரையில் சத்தம் ஆரம்பித்தது. காலை ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏற ஏற, யாரோ கூரையில் புளியங்கொட்டை போடுவது போல ‘டக், டக்’ என்று கேட்கும். மாலையில் குளிரும்போது மறுபடி அதே ஓசை. முதல் இரண்டு நாள் அணில் என்று நினைத்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பாலிகார்பனேட் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு டிகிரி சூட்டில் சுமார் 0.065 மி.மீ. நீளும், இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான் நீளும். மார்கழி விடியலுக்கும் சித்திரை நண்பகலுக்கும் ஷீட்டின் சூட்டில் நாற்பது டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒன்பதடி ஷீட் ஏழு மி.மீ. நீள்கிறது, அதைத் தாங்கும் இரும்போ ஒன்றேகால் மி.மீ.தான் நீள்கிறது. இந்த வித்தியாசம், தச்சர் கணக்கில் ஏறக்குறைய இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ தன் உடம்புக்குச் சரியான துளையைத் தானே போட்டுக்கொள்வதால் நகர இடமில்லை. ஷீட் நெளிந்து, வாஷரின் பிடியிலிருந்து வெட்டி வெட்டி நழுவும்போது எழுந்த சத்தம் அது.

சத்தத்தோடு போயிருந்தால் பொறுத்திருப்பேன். ஐப்பசி மழையில், வெளிச்சத்துக்காகச் சாய்ப்பின் கீழ் இழுத்துப் போட்டிருந்த தச்சுப் பலகைக்கு மேலேயே சரியாகச் சொட்டு விழுந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, கீழ் வரிசையில் இரண்டு ஸ்க்ரூ துளைகளிலிருந்து மயிரிழை போல வெடிப்பு ஓடியிருந்தது. கூடவே இன்னொரு காட்சியும் கண்ணில் பட்டது. கீழ் முனையில் குழல்களின் வாய் திறந்தே கிடந்ததால், தூசியும் ஈரமும் உள்ளே போய்ப் பாசி பிடித்து, ஷீட்டில் பச்சை மையால் கோடு கிழித்தது போல ஒரு முழம் நீளத்துக்கு ஏறியிருந்தது. நான்கைந்து குழல்களில் சிற்றெறும்புகள் முட்டைகளோடு குடியிருந்தன. வெளியே துடைத்தால் போகாது. உள்ளே கையும் நுழையாது. மேல் முனையை ஈரம் புகாத அலுமினிய டேப்பாலும், கீழ் முனையைக் காற்றை மட்டும் விட்டுத் தூசியைத் தடுக்கும் நுண்துளை டேப்பாலும் மூடி, அதன் மேல் யு பட்டியைச் செருக வேண்டும் என்பது நடைமுறை. கடைக்காரருக்கும் தெரியும், பட்டறைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி வெப்பம். வடக்குப் பார்த்த வாசல், வெயிலே வராது என்று என்னிடம் பலரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். டெல்லிக்குப் பொருந்தும் பேச்சு இது. மதுரை வட அட்சரேகை பத்துப் பாகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால், சித்திரை பிறக்கும் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அதன் பிறகு ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆக, வெயில் மிகவும் கொடுமையாக இருக்கும் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் வடக்கு வாசலில் வெயில் இறங்கும். நான் போட்டிருக்கும் கிளியர், அதாவது நிறமில்லாத, ஷீட் ஒளியில் எண்பது விழுக்காடு வரை உள்ளே விட்டுவிடும் என்பதால் அது நிழல் தருவதில்லை, மழையை மட்டும் தடுக்கிறது. முதல் சித்திரையில், கள்ளழகர் மலையிலிருந்து இறங்கிய நாளில், அவரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்குப் புறப்பட்டு வந்த உறவினர்களைப் பெருமையாக அந்தச் சாய்ப்பின் கீழ் உட்கார வைத்தேன். பத்து நிமிடத்தில் எல்லோரும் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். “மச்சான், வெளிச்சத்துக்குக் கூரை போட்டீகளா, வெயிலுக்குப் போட்டீகளா?” என்று மைத்துனர் கேட்டதற்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை.

அதே சமயம், எதற்காகப் போட்டேனோ அந்த வேலையை ஷீட் நன்றாகவே செய்கிறது. கதவைத் திறந்து வைத்தால் ஷெட்டின் கடைசிச் சுவரில் மாட்டியிருக்கும் உளியின் எண்ணைக்கூட விளக்கில்லாமல் படிக்க முடிகிறது. வெயிலுக்கு நான் கண்ட வழி ஐம்பது விழுக்காடு நிழல் தரும் பச்சை வலை. ஷீட்டுக்கு ஒரு சாண் கீழே இரண்டு கம்பி இழுத்து, வலையில் வளையம் கோத்துத் திரை போல மாட்டியிருக்கிறேன். சித்திரையிலிருந்து ஆவணி வரை பகலில் இழுத்து மூடிவிட்டு, மற்ற மாதங்களில் ஓரமாகச் சுருட்டி வைக்கிறோம். வலைக்கும் ஷீட்டுக்கும் நடுவில் சூடாகும் காற்று மேலே விட்டிருக்கும் நான்கு அங்குல இடைவெளி வழியே போய்விடுகிறது. மறுபடி வாங்குவதாக இருந்தால் கதவுக்கு நேரே இருக்கும் ஷீட்டைக் கிளியராகவும், உட்காரும் பக்கத்து ஷீட்டைக் கடைகளில் ஓபல் என்று சொல்லும் பால் வெள்ளையிலும் எடுப்பேன். விலை ஒன்றுதான்; இரண்டும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஆடிக் காற்றைப் பொறுத்தவரை இரண்டு ஆடிகளைக் கடந்துவிட்டோம். மூன்று பக்கமும் திறந்த சாய்ப்பில் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும் என்பதுதான் பயம். தூண்களை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கான்கிரீட்டில் புதைத்ததால் சட்டகம் அசையவில்லை. குரங்குகள் கூட்டமாக ஏறி உட்கார்ந்து வேப்பம்பழம் தின்கின்றன; கீழிருந்து பார்த்தால் அவற்றின் உள்ளங்கால்கள் மட்டும் வரிசையாகத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு அது ஒரு காட்சி. ஒருமுறை முற்றிய தென்னை மட்டை அடிக்கட்டை கீழாக விழுந்தது. ஒரு சிறு பள்ளமும் கீறலும் தவிர எதுவும் இல்லை. மழைச் சத்தம் உண்டு, ஆனால் தகரத்தைப் போலப் பேச்சை அடக்குவதில்லை.

இந்தத் தை மாதம் அதே பட்டறைக்காரரை அழைத்து எல்லாவற்றையும் கழற்றினோம். வெடிப்பைக் காட்டியபோது அவர் வாதாடவில்லை. பாதிக் கூலி போதும் என்றார், அதைக் குறிப்பிடத்தான் வேண்டும். எல்லாத் துளைகளையும் பத்து மி.மீ. பிட்டால் பெரிதாக்கினார். ஆறு மி.மீ. ஸ்க்ரூவுக்கு இப்போது எந்தப் பக்கமும் நகர இரண்டு மி.மீ. இடம் இருக்கிறது, நடு வரிசையை அசையாமல் பிடித்துவிட்டு மேல், கீழ் வரிசைகளில் மட்டும் துளையை நீளவாக்கில் இன்னும் கொஞ்சம் இழுத்தோம். வெடிப்புகளின் நுனியில் ஊசித் துளை போட்டு அவை மேலும் ஓடாமல் நிறுத்தி, அகல வாஷர் வைத்து மூடினோம். பழைய பி.வி.சி. வாஷர்களை எடுத்துவிட்டு இ.பி.டி.எம். ரப்பர் போட்டோம், பி.வி.சி.யிலிருந்து கசியும் பொருள் நாளடைவில் பாலிகார்பனேட்டை அரித்துவிடும். இடுக்குகளை அடைக்கும் சிலிகான் பசையிலும் வினிகர் வாசனை அடிக்கும் வகை ஆகாது. நியூட்ரல் என்று எழுதியதைக் கேட்டு வாங்க வேண்டும். குழல்களில் தண்ணீர் பாய்ச்சி, டிராக்டர் பட்டறையின் கம்ப்ரஸரால் ஊதியதும் பாசியில் முக்கால் பங்கு வந்துவிட்டது. கறுப்பு பெயின்ட் அடித்திருந்த சட்டங்களின் மேல் முகத்துக்கு வெள்ளை அடித்தோம். கறுப்பு இரும்பு சூட்டை இழுத்துத் தன்மேல் படும் ஷீட்டைத்தான் முதலில் பழுதாக்கும். டேப், யு பட்டி, மழைநீர்த் தாரை உட்பட இந்தச் சுற்றுக்கு ஆன செலவு 6,400 ரூபாய். இந்தச் சித்திரையில் புளியங்கொட்டைச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு சேதம் மட்டும் சரிசெய்ய முடியாமல் நின்றுவிட்டது. வெள்ளை அடிக்கும்போது ஷீட்டில் தெறித்த ஒரு சொட்டுப் பெயின்ட்டைப் பட்டறைப் பையன் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டான். துடைத்த இடம் அப்போதே புகை படிந்தது போல வெளுத்து, உள்ளங்கை அளவுக்கு நுண்ணிய வெடிப்புகளாகப் பரவிவிட்டது. சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் தவிர வேறெதுவும் அந்த ஷீட்டின் மேல் படக் கூடாது. மயில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தால்கூட, சுரண்டாமல் ஈரத் துணியைப் போட்டு அரை மணி நேரம் ஊற விட்டால் தானாக வந்துவிடுகிறது. வெளுத்த இடம் தச்சுப் பலகைக்கு நேர் மேலே இல்லை, கதவோரத்தில் இருக்கிறது. மாலை வெயிலில் மட்டும் தெரிகிறது.